அண்ணன் கண் திறக்காமல் வைத்த சாமி

அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று ராஜபாளையத்தில் என் பெயரில் பேண்டேஜ் துணித் தறிகள் ஓடுகின்றன. யார் தயவிலும் வரவில்லை. இந்தக் கட்டுரையையும் ஆள் வைத்து எழுதவில்லை.

அண்ணன் சேத்தூரில் பிறந்தார்கள். அப்பா போன பிறகு விறகு பிளந்து எங்களைக் காப்பாற்றினார்கள். பிளந்த கட்டையில் ஒரு முகம் தெரிகிறது என்று செதுக்கியதுதான் தொடக்கம். சொல்லிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. பழைய லாரியின் வில்லுப் பட்டையை அடித்துத் தாமே உளி செய்துகொண்டார்கள். "வெறகுக்காரன் சாமி அடுப்புல எரியுமால?" என்று கேலி பேசியவர்களே பிறகு சாமி கேட்டு வாசலில் நின்றார்கள்.

சாமிக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பது. அப்போது எதிரே கண்ணாடி பிடிக்க வேண்டும். முதல் பார்வை அதில்தான் விழ வேண்டும், ஆள் மேல் விழக்கூடாது.

எண்பதுகளின் கடைசியில் ஊர்க் கருப்பனுக்கு வேங்கை மரம் வாங்கிக் கொடுத்தவன் நான். கொடுத்தவனைச் சாமி முதலில் பார்க்கட்டும் என்று, கண்ணாடியைத் தள்ளிவிட்டு எதிரே நின்றேன். அது விழுந்து மூலை உடைந்தது. அதற்குள் உளி இறங்கிவிட்டது.

"ஏலே, விலகு" என்று என்னை இடித்துத் தள்ளி, அந்த இடத்தில் அண்ணன் தம் முகத்தைக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து அவர்களுக்குப் பார்வை மங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். ஒரு வருடத்தில் முழு இருட்டு. அப்படியும் தடவித் தடவி ஒரு சாமி செய்தார்கள். கண் மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கு விட்ட பார்வ இன்னும் ஒன்னையத்தான் தேடுதுல. கண்ணாடி நிறுத்தாம இதத் தொறக்கப்படாது" என்றார்கள். அதன் பின் உளியைத் தொடவில்லை. போன மார்கழியில் போய்விட்டார்கள்.

கடைசிவரை கைப்பிடித்து நடத்திய மதினிக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய சேத்தூர் ஊராருக்கும் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சென்ற வாரம் இந்த நினைவு மலருக்குப் படம் எடுக்க, அண்ணன் போனதும் பூட்டிய, அந்தச் சாமி இருந்த அறையைத் திறந்தேன். ஒரு வருடமாகச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. சாமிக்குக் கண் திறந்திருந்தது. தரையில் ஈரம் காயாத மரச் சீவல். எதிரே, எனக்கும் அதற்கும் நடுவில், மூலை உடைந்த அந்தக் கண்ணாடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் எல்லாரையும் கேட்டுவிட்டேன். யாரும் வைக்கவில்லை.

மேலே, யார் தயவிலும் வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டுப் படிக்கவும்.