ருக்குமணி அக்காவின் தவளை

போன வாரம் மண்ணரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வண்டியைச் சர்வீசுக்கு விட்டிருந்தேன். பட்டறைக்காரர் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். மூக்கு நீண்டு, அடிப்பாகம் தகரமாக இருக்குமே, அதுதான். அடியில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். 'டொக்' என்றது. ஸ்டாண்டில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு டொக், இன்னொரு சொட்டு. எண்ணெய் வாசனை வந்ததும் நான் பட்டறை ஸ்டூலில் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய பனியன் கம்பெனி ஒன்றில், மெக்கானிக் சேவியர் அண்ணனின் மூலையில் போய் நின்றுவிட்டேன். "அண்ணா, வண்டி ரெடிங்க" என்று பட்டறைக்காரர் மூன்று தடவை கூப்பிட்டாராம். மூன்றாவது தடவை தோளைத் தட்டித்தான் கூப்பிட்டார்.

சேவியர் அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மிஷின் ரிப்பேர் பார்க்க வந்தவர். ஆனால் ரிப்பேர் அவருக்குப் பக்க வேலை. சொந்த வேலை, எதையாவது கண்டுபிடிப்பது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அவர் செய்கிற எதுவும் ஒற்றை விரலால் இயங்க வேண்டும். "விரலு இருக்கையில கை எதுக்கு?" என்பார். கரண்ட் கூடாது, கால் கூடாது. சைக்கிள் பிரேக் பிடி, குடைக்கம்பி, துணி மாட்டும் கிளிப், இவையெல்லாம் அவர் மூலையில் குவிந்து கிடக்கும். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிரியமானது பேனா ஸ்பிரிங். எங்கள் கம்பெனியில் எந்தப் பேனாவை அழுத்தினாலும் நுனி வெளியே வந்து நிற்காது. உள்ளே ஸ்பிரிங் இருந்தால்தானே? முதலாளி ஒருமுறை கையெழுத்துப் போடப் பேனாவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, தலையைக்கூடத் தூக்காமல், "சேவியரைக் கூப்புடுங்க" என்றார்.

சேவியர் அண்ணனின் முதல் கண்டுபிடிப்பு டீக்கேனுக்கு ஒரு பிடி. விரலால் தட்டினால் ஒரு டம்ளர் டீ அளவாக வந்து நிற்க வேண்டும். அளவாகத்தான் வந்தது. நிற்கத்தான் இல்லை. அன்றைக்கு முதலாளி வெள்ளை வேட்டியில் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மனுசர் கோபிக்கவில்லை. வேட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏனுங் சேவியரு, இன்னும் கொஞ்சம் சக்கரை போட்டிருக்கலாமுங்" என்றார். அவ்வளவுதான்.

சேவியர் அண்ணனைச் சொல்லிச் சிரிக்கிறேனே, எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். சேர்ந்த புதிதில் எனக்குப் பேக்கிங்கில் டேக் கன் கொடுத்தார்கள். துப்பாக்கி மாதிரியே இருக்கும். முனையில் ஊசி, கீழே குதிரை. விரலால் குதிரையை இழுத்தால் 'சடக்' என்று பிளாஸ்டிக் இழை பாய்ந்து விலை அட்டையைப் பனியனில் மாட்டிவிடும். பேசிக்கொண்டே அடித்ததில் ஒரு நாள் என் சட்டைக் கையிலும் ஒன்று ஏறிவிட்டது. எனக்குத் தெரியாது. திருமுருகன்பூண்டி பஸ்ஸில் கண்டக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்கு வெளிநாட்டு வெலை போட்டிருக்குதுங்களே? டிக்கெட் குடுக்கட்டுங்களா, பார்சல்ல எழுதட்டுங்களா?" பஸ்ஸே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வேறு வழி?

அப்படிப்பட்டவனைத்தான் இரண்டு வருடத்தில் செக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நீளமான ஒரு மேசை. எட்டுப் பெண்கள். தைத்து வரும் பனியனைத் திருப்பிப் பார்த்து, தையலின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்ட வேண்டும். ஆளுக்கொரு டிரிம்மர் கொடுத்திருப்போம். கத்தரிக்கோல் இல்லை. வளைத்த எஃகுத் துண்டின் இரண்டு முனையிலும் கத்தி. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கினால் வெட்டும், விட்டால் தானே விரியும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அமுக்குவார்களோ, அவர்கள் கட்டை விரலுக்குத்தான் தெரியும்.

ருக்குமணி அக்காவின் கட்டை விரல் ஒரு நாள் முடியாது என்று சொல்லிவிட்டது. அக்காவுக்கு வெள்ளகோவில் பக்கம். அந்த மேசையின் முதல் நாளிலிருந்து இருப்பவர். விரல் மடங்கினால் நிமிராது. இடது கையால் பிடித்து நிமிர்த்தினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், கேட்கிற நமக்கே வலிக்கும். டாக்டர் அமுக்குகிற வேலை கூடாது என்றுவிட்டார். டிரிம்மர் அமுக்காவிட்டால் மேசையில் என்ன வேலை? வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மகன் நன்றாகத்தான் வைத்திருந்தான், வீட்டில் சோற்றுக்குக் குறை இல்லை. ஆனாலும் அக்கா கண் கலங்கியது.

"ஊட்டுல உக்காந்து செவுத்தோடவா பேசறது? இவளுக ஏழு பேரும் இல்லாட்டி எனக்குப் பொழுதே போகாது சாமி."

பக்கத்து ஸ்டூல் சரசக்கா உடனே, "இருக்கும்போது எங்களைப் பேசவுட்டீங்களா அக்கா? ஒரு மாசமாச்சும் எங்க காது ஓய்வெடுக்கட்டுமுங்க" என்றது. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

பக்கத்தில், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த சேவியர் அண்ணன் இதைக் கேட்டார். அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். அந்த மிஷின் அப்படியே கிடந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு மரக்கட்டையோடு வந்தார். டிரிம்மரின் இரண்டு கத்தியையும் தனியாகப் பிரித்துக் கட்டையின் மேல் பொருத்தியிருந்தார். கீழ்க்கத்தி அசையாது. மேல்கத்தியோடு ஒரு சாண் குடைக்கம்பியை நாக்கு மாதிரி நீட்டிவிட்டிருந்தார். கம்பி நீளமாக இருப்பதால் நுனியை மோதிர விரலால் தொட்டாலே போதும், கத்தி வெட்டிவிடும். அடியில் ஒரு பேனா ஸ்பிரிங். விரலை எடுத்ததும் நாக்கு துள்ளி மேலே போகும். கட்டையை மேசை ஓரத்தில் திருகாணியால் முடுக்கிவிட்டு, "யக்கா, ரெண்டு கையாலயும் துணியப் புடிங்க. பிசிற கத்திக்கிட்ட கொண்டு வாங்க. விரல லேசா வச்சாப் போதும், அமுக்க வேண்டாம்" என்றார்.

அக்கா தொட்டது. டக். பிசிறு விழுந்தது. நாக்கு துள்ளியது.

"அய்யோ, தவளையாட்ட இருக்குதுங்க!" என்றது சரசக்கா. அன்றிலிருந்து அதற்குத் தவளை என்றே பெயர்.

தவளை வந்த மூன்றாவது நாள்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். மற்றவர்கள் ஒவ்வொரு பனியனுக்கும் டிரிம்மரைக் கீழே வைத்து எடுத்து, வைத்து எடுத்துச் செய்தார்கள். அக்காவுக்கு அந்த வேலையே இல்லை. இரண்டு கையும் துணியிலேயே இருந்தன. சரசக்கா இரண்டு பீஸ் முடிப்பதற்குள் அக்கா மூன்று முடித்தது. அக்காவுக்கே அது தெரியாது. வாய் அதுபாட்டுக்கு மருமகளைப் பற்றிப் பேசும், கை அதுபாட்டுக்கு ஓடும்.

இதை நான் பார்த்தேன். பார்த்ததோடு நின்றிருக்கலாம். முதலாளி அந்தப் பக்கம் வந்து, "என்னுங் தம்பி, வேலை எப்படிப் போகுதுங்?" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். 'போகுதுங்க' என்று சொன்னால் முடிந்தது. எனக்கு ஒரு வார்த்தையில் முடித்துப் பழக்கமில்லை. "ருக்குமணி அக்கா கை பறக்குதுங்க! மத்தவங்க ரெண்டு முடிக்கறதுக்குள்ள அக்கா மூணு! எல்லாம் சேவியர் அண்ணன் தவளைங்க!" என்று, ஏதோ நானே அந்தத் தவளையைப் பெற்றெடுத்த மாதிரி சொன்னேன்.

முதலாளி முகம் மலர்ந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஷிப்மென்ட் தேதி கழுத்தைப் பிடிக்கிறவர் யாரும் மலரத்தான் செய்வார். "அப்ப எட்டுப் பேருக்கும் எட்டுத் தவளை போட்டறலாமுங்" என்றார். திங்கட்கிழமை கோயமுத்தூரிலிருந்து ஸ்டாப் வாட்ச்காரர் வருவார், அக்காவின் வேகத்தை அளப்பார், அதுதான் இனி எல்லாருக்கும் டார்கெட் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சேவியர் அண்ணனுக்கு அன்று கால் தரையில் இல்லை. எட்டுக் குடையை எங்கே தேடுவது என்பதுதான் அவர் கவலை. அன்று மழை வந்திருந்தாலும் எங்கள் கம்பெனிக்கு யாரும் தைரியமாகக் குடை கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

மேசையில் மட்டும் பேச்சு நின்றுவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எட்டுப் பேரும் தூக்குப்போசியைத் திறந்து வட்டமாக உட்காருவது வழக்கம். மூடிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குழம்பும் பொரியலும் போய் வந்துகொண்டே இருக்கும். அன்று வட்டம் ஏழு பேருக்குத்தான் இருந்தது. அக்கா கொஞ்சம் தள்ளித் தன் மூடியைப் பார்த்தபடி சாப்பிட்டது.

"உங்க வெரலுக்குச் சொகமாயிருச்சுங்க அக்கா. நல்லதுதான். இனி எங்க ஏழு பேரு இடுப்பும் ஒடியோணும், அவ்வளவுதானுங்க" என்றது சரசக்கா. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னது.

டீ நேரத்தில் அக்கா கட்டையை மேசையிலிருந்து கழற்றி, முந்தானையில் சுற்றிக்கொண்டு மெக்கானிக் மூலைக்குப் போனது. என்னவோ ஏதோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

"சேவியரு, இதைக் கொஞ்சம் கெடுத்துக் குடுங்க."

"என்னக்கா சொல்லுதிய?"

"மெதுவாக்கிக் குடுங்க. மத்தவங்க வேகத்துக்கு வந்தாப் போதுமுங்க."

"யக்கா, நீங்க விரல மெதுவா வச்சாப் போச்சு. மிஷின ஏன் கெடுக்கச் சொல்லுதிய?"

"என்ற கைக்கு நடிக்கத் தெரியாதுங்க. பேச்சு வந்தா அது ஓடிரும். அந்தக் கடியாரக்காரரு ஒரு நிமிசத்துல கண்டுபுடிச்சிருவாரு. இது மெதுவா இருந்தாத்தான் நான் மெதுவா இருப்பேன். இது இல்லாமப் போனாலும் எனக்கு வேலை இல்லை, இப்படியே ஓடுனாலும் எனக்கு அந்த மேசை இல்லை."

சேவியர் அண்ணன் தவளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "நான் செஞ்சதுல ஒழுங்கா ஓடுன ஒரே சாமான் இதுதாங்க்கா" என்றார். டீக்கேன் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அப்புறம் ஊசி மூக்குக் குறடு ஒன்றை எடுத்து, நாக்குக்கு அடியிலிருந்த ஸ்பிரிங்கை உருவிச் சட்டைப் பையில் போட்டார். நுனியைத் தொட்டுக் காட்டினார். நாக்கு கீழே போனது, அங்கேயே கிடந்தது. விரலைக் கொடுத்து அவரே மேலே தூக்கிவிட்டார். இனி ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தட்டு, ஒரு தூக்கு.

"நல்லா இருப்பீங்க சாமி" என்றது அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எதையும் பாக்கல. பாத்தாலும் பேச மாட்டிய. பேசுனியன்னா அந்த டேக் கன்ன எடுத்து ரெண்டு உதட்டையும் சேத்து அடிச்சிருவேன்."

திங்கட்கிழமை ஸ்டாப் வாட்ச்காரர் வந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கடிகாரம் தொங்கியது. அவரும் விரல்காரர்தான், கட்டை விரலால் 'க்ளிக்' என்று அமுக்கி ஆரம்பித்தார். அக்கா தட்டியது, தூக்கியது, தட்டியது, தூக்கியது. பழக்கத்தில் இரண்டு தடவை விரல் வேகமாகப் போய் நாக்கு இல்லாத இடத்தில் தொட்டுத் திரும்பியது. சரசக்கா பனியனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிசிறு தேடியது. க்ளிக். அடுத்து சரசக்காவை அளந்தார். க்ளிக்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். இந்தக் கட்டையால ஒண்ணும் பிரயோஜனம் இல்லை."

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏந்தம்பி, கை பறக்குதுன்னீங்களே?"

எட்டுப் பேரும் குனிந்திருந்தார்கள். மூலையில் சேவியர் அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றார். எனக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. வாழ்நாளிலேயே முதல் தடவையாக அத்தனையையும் விழுங்கினேன்.

"நாந்தான் ஏத்திச் சொல்லீட்டனுங்க."

"அப்படீங்களா" என்றார். "கண்ணுல பாக்காததைச் சொல்றவரு செக்கிங்குக்கு ஆகமாட்டாருங் தம்பி. நாளையிலிருந்து பேக்கிங்குக்கே போயிருங்க. சேவியரு, நீங்க அந்த ஓவர்லாக் மிஷினை மாட்டுங்க. இருக்கற ஒரு தவளை போதுமுங்."

மறுபடியும் என் கைக்கு டேக் கன் வந்து சேர்ந்தது. சேவியர் அண்ணன் ஒரு மாதம் செக்கிங் மேசைப் பக்கமே போகவில்லை. எண்ணெய் விட வேண்டியிருந்தால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே சரசக்கா தன் தூக்குப்போசியை நகர்த்தி அக்காவுக்கு இடம் விட்டது. ஒரு கரண்டி கொள்ளுப் பருப்பை எடுத்து அக்காவின் மூடியில் வைத்தது. "உப்பு கம்மிதானுங்க, குத்தம் சொல்லாம சாப்புடுங்க" என்றது. அக்கா சாப்பிட்டுவிட்டுக் குற்றம் சொன்னது. அப்புறம் நாலு வருசம் அந்த மேசையில் அக்கா பேசிக்கொண்டே இருந்தது.

இப்போது அந்த மேசை இல்லை. தைக்கிற மிஷினே தையல் முடிந்ததும் நூலை வெட்டிக்கொள்கிறது. மிச்சம் மீதியை உறிஞ்ச ஒரு காற்று மிஷின் இருக்கிறது. சேவியர் அண்ணன் ஊருக்கே திரும்பிவிட்டார் என்றார்கள், எங்கே இருக்கிறாரோ. போன மாதம் ஒரு தெரிந்தவரின் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு மிஷினிலும் ஒரு சின்னத் திரை. எத்தனை பீஸ் முடிந்தது என்று அதுவே எண்ணிக் காட்டுகிறது. ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முடித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவளுக்கு ஊசியில் நூல் அறுந்து, கோத்துக்கொண்டிருந்தாள். முதல் பெண் அடுத்த பீஸை எடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சட்டென்று அந்த மேசையின் எட்டு முகமும் வந்து போனது.

அவள் திரை மஞ்சளாக மாறியது. கை சும்மா இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல. தூரத்திலிருந்து சூப்பர்வைசர் பையன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்க்காமல், அடுத்த பீஸை இழுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.