மலையாளம் தெரிந்த டீச்சர்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். அப்பாவுக்குப் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை என்பதால் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தில் படித்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அந்தப் படிப்புக்கு வேலையே இல்லை. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு விஷயம் தெரிகிறவரை.

இங்கே லாரியைத் திருடுகிறவன் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குக் கொண்டுபோய் விற்பான். அங்கே கன்னம் வைத்தவன் இங்கே வந்து ஒளிவான். இரண்டு பக்கத்துப் போலீசும் சேர்ந்தால்தான் பிடிக்க முடியும். சேர வேண்டுமானால் ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரிய வேண்டும். அங்கிருந்து வரும் கடிதங்களைச் சைக்கிளில் ஒரு கான்ஸ்டபிள் கொண்டுவருவார். நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். ஒருமுறை அதை வைத்துச் செங்கோட்டையில் ஒரு லாரியை மடக்கியதாக இன்ஸ்பெக்டர் சொன்னபோது பெருமை தாங்காமல் தெரு முழுக்கச் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

முழுப் பரீட்சை லீவில் ஒரு நாள் காலை, ஸ்டேஷனுக்கே வரச் சொன்னார்கள். கேரளாவிலிருந்து ஜீப்பில் ஒரு எஸ்.ஐ. வந்திருந்தார். சுவரோரம் தரையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. நூல் மில்லில் வேலை முடிந்து வெளியே வந்தவரைக் கேட்டிலேயே பிடித்திருக்கிறார்கள். கேரளாவில் ஒரு நகைக்கடையை உடைத்த வழக்கு. பிடிபட்ட கூட்டாளி, தன்னோடு வந்தவன் ராஜபாளையத்துக்காரன் என்று ஒரு பெயரைச் சொன்னானாம். எங்கள் ஊரில் தெருவுக்கு மூன்று பேருக்கு இருக்கும் பெயர் அது.

கடைக் காவலாளியின் வாக்குமூலத்தை எனக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். வந்த இருவரும் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள், தங்களுக்குள் சுத்தமான மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள் என்று அதில் இருந்தது. நான் சுவரோரம் இருந்தவர் பக்கம் திரும்பி, "வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலாம், தெரியுமா?" என்று மலையாளத்தில் கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "என்னம்மா கேக்கீக?" என்றார்.

"டீச்சரே, அவன் நடிக்கிறான்" என்றார் எஸ்.ஐ.

பிறகு இன்னொரு தாளை நீட்டினார்கள். மலையாளத்தில் இரண்டு பக்கம். அந்த மனிதர் பஸ் ஏறிப் போனது, பூட்டை உடைத்தது, நகையைப் பங்கு பிரித்தது எல்லாம் அவரே சொன்னதுபோல எழுதியிருந்தது. கடைசியில், இதைத் தமிழில் வாசித்துக் காட்டியதும் சரியென்று ஒப்புக்கொண்டதாக ஒரு வரி. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்கள்.

"சார், இத இவர் எப்பச் சொன்னாரு?"

"நீங்க வாரதுக்கு முன்னாடியே சொல்லிட்டான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எந்தப் பாஷையில? இவருக்கு மலையாளம் தெரியாது. இது முழுக்க மலையாளத்துல இருக்கு. பொறவு என்னைய எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"டீச்சர், இது ரெண்டு ஸ்டேட் விவகாரம். அவுங்க நமக்கு ஆள் பிடிச்சுத் தாராங்க, நாம அவுங்களுக்குத் தாரோம். கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

ஏதாவது ஒரு ஆள் இருந்தால் போதும் என்கிறார்! பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் தூக்குவாளியோடு அந்த மில் தொழிலாளியின் மனைவி நின்றிருந்தார். திருட்டு நடந்த தேதியைச் சொன்னேன்.

"அந்த வாரம் பூரா அவியளுக்கு ராத்திரி ஷிப்டு டீச்சர். மில்லுல கேட்டுப் பாருங்க" என்றார்.

மில்லில் டைம் கீப்பர் முதலில் மறுத்தார். அந்த அம்மா அழுததைப் பார்த்து வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அன்றைக்கு அவர் வேலையில் இருந்திருக்கிறார். அதை எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினால் ஸ்டேஷனில் ஜீப் இல்லை.

பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனோம். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிற ஆளை இங்கே மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே ஒரு வக்கீல் சொன்னார். அந்த ஜீப் வருமென்று சாயங்காலம்வரை வராந்தாவில் காத்திருந்தோம்.

"இனிமே வராதும்மா. இந்நேரம் ஆரியங்காவு தாண்டியிருப்பாங்க" என்றார் வக்கீல்.

புனலூரிலிருந்து என் அம்மா போடும் கடிதம் அந்த மலையைத் தாண்டி வர ஐந்து நாள் ஆகும். ஒரு மனிதரை ஒரே மத்தியானத்தில், ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் கடத்திவிட்டார்கள்.

மறுநாளே நான், அவர் மனைவி, வக்கீல் மூவரும் நகைக்கடை உடைபட்ட ஊருக்குப் போனோம். அந்த ஊர்க் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் மலையாளத்தில் கேட்டதற்கெல்லாம் அந்த மனிதர் புரியாமல் விழித்தார். நான் எழுந்து, நடந்ததைச் சொன்னேன். அந்தத் தாளைக் காட்டினார்கள். பென்சில் புள்ளி இருந்த இடத்தில் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மில் கொடுத்த சீட்டைப் பார்த்து ஜாமீன் கிடைத்தது. சில வாரம் கழித்து, அதே பெயருள்ள, ராஜபாளையத்தில் பிறந்து கேரளாவிலேயே வளர்ந்த ஒருவன் நகையோடு பிடிபட்டான். வழக்கிலிருந்து இவரை விடுவித்தார்கள்.

ஆனால் அவர் போலீஸ் அடியில் உள்ளங்கால் வீங்கித்தான் வீடு வந்தார். சொல்லாமல் லீவு எடுத்தார் என்று மில்லில் நிறுத்திவைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் கேட்டில் உட்கார்ந்த பிறகுதான் மறுபடி சேர்த்தார்கள். இரண்டு பக்கத்துப் போலீசிலும் ஒருவர்கூட, தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தக் கான்ஸ்டபிள் மறுபடி ஒரு கடிதத்தோடு வந்தார். வாசித்தேன். நகைக்கடை வழக்கில் கொடுத்த முழு ஒத்துழைப்புக்கு எங்கள் இன்ஸ்பெக்டருக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள். அடி வாங்கியவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

"டீச்சருக்கு மலையாளம் மறந்துபோச்சுன்னு சொல்லிருங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை, வக்கீல் மூலம் மேலதிகாரிகளுக்கு ஒரு புகாரும் எழுதினேன். பதில் வரவில்லை.

அதற்கு முன்பு நான் எழுதிக் கொடுத்த கடிதங்களிலும் பெயர்கள் இருந்தன. அவர்களையும் எங்கேயோ போய்ப் பிடித்திருப்பார்கள். சரியான ஆளைத்தான் பிடித்தார்களா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.