அப்பா பெயரில் ஒரு பம்பரம்

நான் சந்தேகப் பிராணி. கடைக்காரர் தராசைத் தூக்கினால் அவர் சுண்டு விரலைப் பார்ப்பேன். யாராவது வலிய வந்து உதவினால் நன்றி சொல்வதற்கு முன்னால் எதற்கு என்று யோசிப்பேன். என் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பத்து வயதில், மலாக்காவில், காஜா பெராங்கில் நான் இருந்த வீட்டில் இருந்திருந்தால் அவர்களும் இப்படித்தான் ஆகியிருப்பார்கள்.

ஜப்பான்காரன் வந்த முதல் வருஷத்திலேயே அப்பா செத்துப்போனார். மரவள்ளிக்கிழங்கு வாங்க ஜாசின் பக்கம் போனவருக்கு அங்கேயே காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் முடிந்துபோயிற்று. கூடப் போனவர்கள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா அன்று பகல் முழுவதும் அழுதாள். சாயங்காலம் எழுந்து முகம் கழுவி, நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டாள். தாலியையும் கழற்றவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

காரணம் அரிசி கார்டு. கார்டில் ஆண்பிள்ளைக்குத் தனியாக ஒரு பங்கு உண்டு. அப்பா செத்துவிட்டார் என்று சொன்னால் அந்தப் பங்கு போய்விடும். இருக்கிற இரண்டு பேர் பங்கில் கஞ்சி கூடத் தேறாது. அதனால் அப்பா சாகவில்லை. குருபோங்கில் கிழங்குத் தோட்டம் போட்டிருக்கிறார், எப்போதாவது வந்து போவார் என்று ஆகிவிட்டது. அதுவரை நாங்கள் இருந்த செமாபோக்கில் எல்லாருக்கும் அப்பாவின் முகம் தெரியும், அங்கே இந்தக் கதை எத்தனை நாள் ஓடும்? கார்டை மாற்றிக்கொண்டு காஜா பெராங்குக்குக் குடி வந்தோம்.

அம்மா எனக்குச் சொன்னது இதுதான்: "யாரு கேட்டாலும் அப்பா தோட்டத்துல இருக்காருன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே."

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி குடும்பம். பரம்பரையாக மலாக்காவிலேயே இருப்பவர்கள், வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். அந்த வீட்டு அம்மா வேலியோரம் நின்று "பாபாக் மானா?" என்று அப்பாவை விசாரிப்பார். பாசமாகத்தான் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது உளவு பார்க்கிறார் என்றே நினைத்தேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எங்கள் மடியில் ஒரு ஆளே இருந்தார்.

எல்லாரையும்விட எனக்குப் பயம் கடைக்கார நானாவிடம்தான். மளிகைக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் அவர். எங்கள் தெருவுக்கு அவரைத்தான் பொறுப்பாளராக ஜப்பான்காரன் போட்டிருந்தான். அரிசி அளக்கும்போது அவர் கார்டைப் பார்ப்பார், அம்மாவின் பொட்டைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் அளந்து போடுவார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பிடிக்காது.

ஒரு நாள் அவரே வீடு தேடி வந்தார்.

"தங்கச்சி, வர்ற ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துத் திடல்ல குடும்ப விழாவாம். பம்பரம், யோயோ, குச்சியில பந்து குத்துறது, இந்த மாதிரி கைவித்தை விளையாட்டு. புதுசா வந்திருக்கிற ஜப்பான் அதிகாரிக்குப் பம்பரம்னா உசுராம். ஜெயிச்சா ஒரு பை அரிசி."

"நாங்க எதுக்கு நானா?"

"எல்லாரும்தான். கார்டுல இருக்கிற ஆளுங்க எல்லாரும் வரணும்னு உத்தரவு." அந்தக் கடைசி வார்த்தைகளை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

அவர் போனதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊரைப் பட்டினி போடுகிறவன் பம்பரம் விட வா என்று கூப்பிடுகிறான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஒரு தோட்டத்தில் இலவசப் படம் காட்டுகிறேன் என்று ஆட்களைச் சேர்த்து, வாசலை அடைத்து, ஆண்களை மட்டும் லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். இதுவும் அதுதானா? அல்லது கார்டில் இருக்கிற தலைகளை எண்ணிப் பார்க்கத்தான் விழாவா? எப்படியானாலும் எங்களுக்கு ஒரு அப்பா வேண்டும். அதுவும் நாலு நாளில்.

இருட்டிய பிறகு எங்களுக்கு விறகு கொண்டுவருகிற ஆள் ஒருவர் இருந்தார். குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சயாமுக்கு ஆள் பிடிக்க லோரி வந்த அன்று பின்பக்கமாக ஓடிவந்தவர். அவருக்குக் கார்டு கிடையாது, குடும்பம் கிடையாது, யாரிடமும் பெயர் சொல்லவும் முடியாது. அம்மா அவரிடம் பேசினாள். எங்களிடம் ஆள் இல்லாத பெயர் இருந்தது, அவரிடம் பெயர் இல்லாத ஆள் இருந்தார். அப்பாவின் பங்கு அரிசியை அவருக்குத் தருவது, அவர் விழாவுக்கு அப்பாவாக வருவது. இதுதான் பேச்சு.

"இவரோட பேரைக் கேக்காதே," என்றாள் அம்மா என்னிடம். "தெரிஞ்சா வாயில வந்துடும். அப்பான்னே கூப்பிடு."

நான் கூப்பிடவில்லை. அப்பாவின் கைலியைக் கட்டிக்கொண்டு எங்கள் விறகுக் கொட்டகையில் அந்த ஆள் படுத்துக்கொண்டதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கார்டைத் திருடிக்கொண்டு ஓடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கார்டு இருந்த தகர டப்பாவைத் தலைக்கு வைத்துத் தூங்கினேன். அவர் எத்தனை துண்டு கிழங்கு தின்கிறார் என்று எண்ணினேன். அவர் என்னவோ என் பங்கிலிருந்து ஒரு துண்டு கூட எடுக்கவில்லை. அதுவும் ஒரு தந்திரம் என்றுதான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் திடலுக்குப் போனோம். அம்மா வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜப்பான் சண்டைக்கு முன்னால் அப்பா வாங்கிக் கொடுத்த சிவப்பு யோயோவை நான் மூன்று தரம் விட வேண்டும், கும்பிட வேண்டும், வந்துவிட வேண்டும். அந்த ஆள் சும்மா பக்கத்தில் நிற்க வேண்டும். யாரும் ஜெயிக்கக் கூடாது. ஜெயித்தால் பெயர் எழுதுவார்கள்.

திடலில் கொடி கட்டியிருந்தார்கள். நான் முதலில் பார்த்தது லோரி நிற்கிறதா என்றுதான். ஒன்று நின்றது, மரத்தடியில். பெஞ்சு ஏற்றிவந்த லோரி என்றார்கள். நான் நம்பவில்லை. மலாய்க்காரர்கள் தட்டையான பெரிய காசிங் பம்பரங்களோடு வந்திருந்தார்கள். செட்டி வீட்டார் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள், அந்த அம்மா எங்களைப் பார்த்து, கூட வந்த ஆளைப் பார்த்து, கையசைத்தார். அதிகாரி குள்ளமான மனிதர். கைப்பிடியோடு நூலில் கட்டிய மரப்பந்தை மேலே எறிந்து குச்சி முனையில் குத்திக் காட்டினார். எல்லாரும் பயந்துகொண்டே கைதட்டினோம்.

எங்கள் முறை வந்தது. நான் யோயோ விட்டேன். கீழே இறங்கி நூல் முனையில் நின்று சுற்றும், சுண்டினால் கைக்கு ஏறும். அப்பா சொல்லிக் கொடுத்தது. மூன்று தரம் விட்டேன், கும்பிட்டேன். திரும்பினால் மொழிபெயர்க்கிற கிராணி, அதிகாரியின் குமாஸ்தா, தடுத்தார்.

"அப்பாவும் ஆடணும். பம்பரத்தை அப்பா விடணும், பிள்ளை கையில வாங்கணும். அதான் குடும்ப விழா."

அந்த ஆளிடம் ஒரு பம்பரத்தைக் கொடுத்தார்கள். கயிற்றை ஏனோதானோ என்று சுற்றினார். கீழே போட்டுவிட்டுப் போவதாக இருந்தார், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. அத்தனை பேர் முன்னால் என் அப்பா ஒரு பம்பரம் விடத் தெரியாதவராக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் காதருகே போய் மெதுவாகச் சொன்னேன்:

"எங்கப்பாவா இருந்தா ஜெயிச்சிருப்பாரு. உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கயிற்றைப் பிரித்தார், மறுபடி சுற்றினார், இந்தத் தடவை இறுக்கி, ஒழுங்காக. வீசிய வேகத்தில் பம்பரம் தரையைத் தொடாமலே கயிற்றில் சுண்டி மேலே எழும்பியது. "கையை நீட்டும்மா" என்றார். நீட்டினேன். என் உள்ளங்கை நடுவில் வந்து இறங்கி ஆடாமல் அசையாமல் சுற்றியது. கூசியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷமாக நான் சிரித்ததே இல்லை.

"அப்பா!" என்று கத்தினேன். "அப்பா, பாருங்க!"

யாரும் கத்தச் சொல்லவில்லை. அது தானாக வந்தது.

அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். அரிசிப் பை எங்களுக்குக் கிடைத்தது. மேசையில் இருந்த கிராணி அப்பாவின் பெயரை எழுதினார், வயதை எழுதினார். பிறகு சிரித்துக்கொண்டே அந்த ஆளின் புஜத்தைப் பிடித்துப் பார்த்து இன்னும் ஏதோ எழுதினார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

ஆனால் அன்று ஒன்றும் நடக்கவில்லை. வாசலை யாரும் அடைக்கவில்லை. லோரி பெஞ்சுகளைத்தான் ஏற்றிக்கொண்டு போனது. எல்லாரும் வீட்டுக்கு வந்தோம், வயிறாரச் சோறு தின்றோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் முழுவதும் அவர் எனக்குப் பம்பரம் சொல்லிக் கொடுத்தார். கிழங்கு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஒன்பதாம் நாள் நானா வந்தார். கையில் ஒரு சீட்டு. விழாவில் பெயர் எழுதிய ஆண்களில் பதினோரு பேருக்கு வந்திருந்தது. சயாமில் மூன்று மாத வேலை, நாளைக் காலை லோரி வரும் என்று எழுதியிருந்தது. மூன்று மாதத்தை யார் நம்பினார்கள்? சீட்டில் என் அப்பாவின் பெயர்.

"நானா, அவரு..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

நானா கையைக் காட்டி நிறுத்தினார். "சொல்லாதே தங்கச்சி. கார்டுல இருக்கிற ஆளு போகணும். ஆளு இல்லேன்னா வீட்டுல இருக்கிறவங்களைப் பிடிப்பாங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேணாம்." அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கு முதலிலிருந்தே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்துகொண்டேதான் செத்தவர் பங்கை அத்தனை நாள் அளந்து போட்டிருக்கிறார்.

அம்மா அந்த ஆளைப் பார்த்து அழுதாள். இருக்கச் சொல்லவும் வாய் வரவில்லை, போகச் சொல்லவும் வரவில்லை. அவர் ஒரு தரம் லோரிக்குத் தப்பி ஓடியவர். பின்பக்கம் வேலி, அதைத் தாண்டினால் தென்னந்தோப்பு, கிளேபாங் கடற்கரை வரை ஒளிந்தே போய்விடலாம். அவர் ஓடினால் எங்களைப் பிடிப்பார்கள்.

எனக்கு மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. ஓடத்தான் போகிறார் என்று நினைத்தேன். கொட்டகை வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பம்பரத்தைக் கையில் இறக்கிய மனிதனுக்கு நான் காவல் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தேன்.

அவருக்கும் தெரிந்தது. "ஓடமாட்டேம்மா," என்றார். பிறகு என்னைக் கேட்டார்: "உங்கப்பாவுக்கு எந்த ஊரு? அவரோட அப்பா பேரு என்ன? எந்தக் கப்பல்ல வந்தாரு?"

"எதுக்கு?" என்றேன்.

"அங்க யாராச்சும் கேட்டா மாத்திச் சொல்லிடக் கூடாதுல்ல. அப்புறம் உங்களைத் தேடி வருவாங்க."

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பாடம் படிப்பதுபோல் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். காலையில் லோரி வந்தது. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டுக்காரரை அனுப்புகிற மாதிரி அம்மா அப்பாவின் சட்டை ஒன்றை மடித்துக் கொடுத்தாள். நான் அப்பா என்று கூப்பிட வேண்டும், ஊர் பார்க்கிறது. வாயைத் திறந்தேன். அன்றைக்கு வரவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு, எலும்பும் தோலுமாக ஒருவர் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சயாமிலிருந்து திரும்பியவர். அப்பாவின் பெயரைச் சொல்லி, இது அவர் வீடுதானா என்று கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் தவறிட்டாரும்மா. வாந்திபேதி. நான்தான் கூட இருந்தேன்." தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீதானா அந்தப் பொண்ணு? எம்மக யோயோ விடுவா, சுத்துற பம்பரத்தைக் கையில வாங்குவான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அங்க இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் மூங்கில்ல பம்பரம் செஞ்சு கொடுத்தாரு. அப்பான்னு நீ எப்படிக் கத்தினேன்னு கத்தியே காட்டுவாரு."

"வேற ஏதாச்சும் பேரு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"வேற பேரு என்ன பேரு? சாகும்போதும் இந்தப் பேரைத்தான் சொன்னாரு. இந்த ஊரு, இந்த வீடு."

அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போனாள். மூன்று வருஷமாக வைத்துக்கொண்டிருந்த பொட்டை அழித்தாள். செட்டி வீட்டு அம்மா வேலியைத் தாண்டி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். யாருக்காக அழித்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்குமா?

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. குருபோங்கில் விசாரித்துப் பார்த்தேன். அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. யாரைக் கேட்பது?

வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்குப் போய் இரண்டு மோட்ச விளக்கு ஏற்றச் சொல்கிறேன். பூசாரி பெயர் கேட்பார். அப்பாவின் பெயரைச் சொல்வேன். "இன்னொன்று யாருக்கும்மா?" என்பார். அதே பெயரைச் சொல்வேன். கிழவிக்கு நினைவு தப்பிவிட்டதோ என்று என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். பார்க்கட்டும். இரண்டாவது விளக்கு ஏறும்போது நான் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, அன்று வாயில் வராத அந்த வார்த்தையைச் சொல்கிறேன்.