விஜயபாண்டியின் பயணக் கணக்கு

போடிக்குப் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரரான விஜயபாண்டி சென்னையில் நகரத் திட்டமிடல் படித்து, அங்கேயே வேலை பார்த்தவர். அப்பா தவசிக்குப் பக்கவாதம் வந்தபோது பத்து நாள் விடுப்பில் ஊருக்கு வந்தார். மூன்று வருடமாகத் திரும்பிப் போக முடியவில்லை. அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எங்கே போவார்கள் என்று கணக்குப் போடுவதுதான் அவருடைய வேலை.

ஒவ்வொரு ஊரிலிருந்தும் எத்தனை பேர் கிளம்புகிறார்கள், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்துப் பயணத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று மட்டும் தெரியும். யார் எங்கே போனார் என்பது தெரியாது. தெரியாததைக் கற்பனை செய்யாமல், ஆட்கள் பிரிந்து போகும் எந்தப் பரவல் அதிக விதங்களில் நடக்கக்கூடுமோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். என்ட்ரோபி முறை என்பார்கள். ஆளுக்குப் பல வழி திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு அது.

போடி வட்டாரத்துக்குப் பஸ் திட்டம் போடும் வேலை வந்தபோது கணக்கு உதைத்தது. சிலமலைப் பெண்களில் பெரும்பாலோரை அது போடிக்குள் ஏலக்காயைத் தரம் பார்த்துப் பொறுக்கும் கிட்டங்கிகளுக்கு, அதாவது கிடங்குகளுக்கு, அனுப்பியது. நிஜத்தில் அவர்களை ஏற்றிய ஜீப்புகள் நிறைந்து மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு ஏறின.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாளை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு ஒருநாள் விடியற்காலையில் அவரும் ஜீப்பில் ஏறினார். அருகில் நெருக்கி உட்கார்ந்திருந்த, எஸ்டேட் வேலைக்குப் போகும் பொன்னுமணியிடம் கேட்டார்.

"போடியிலயே சோலி இருக்குல்லக்கா? எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

"அது வருசம் பூராம் இருக்காது தம்பி. ஒருநா நான் ஏறலேன்னா எம் எடத்துல வேற ஆளு உக்காந்துரும். பெறகு எஸ்டேட்டும் இல்ல, கிட்டங்கியும் இல்ல. ஜீப்பு வந்து நிக்கிது, ஏறுறேன்."

சாயங்காலம் இறங்கும்போது மலைப்பாதையில் போடிமெட்டுக்குக் கீழே பாறை சரிந்து பாதை அடைபட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். போனில் சிக்னல் இல்லை. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய நேரம் தாண்டியது. பெரியம்மாள் தனியாளாக என்ன செய்வார் என்று பதறினார். பதற்றத்தோடு வேறொன்றும் வந்தது: பாதை காலைவரை திறக்காவிட்டால் நல்லது, ஒரு ராத்திரியாவது தன்னுடையதாக இருக்கும். அந்த நினைப்பு வந்ததும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாறை அகற்றப்பட்டு அவர் வீடு சேர்ந்தபோது பெரியம்மாள் வாசலிலேயே நின்றார்.

"கஞ்சி குடுத்துட்டேன் அப்பு. என்னால தூக்கிப் பெரட்டத்தான் முடியல."

தவசியின் முதுகு சிவந்திருந்தது. மகனைக் கண்டதும் பக்கவாதம் தொடாத இடது கையால் மகனின் சட்டையைப் பிடித்தார். விடவில்லை.

வேறு வழி இல்லாத அந்த ஜீப் பெண்களைப் பரவல் கணக்கிலிருந்து எடுத்து, அவர்கள் பயணத்தை மலைக்கென்றே நிலையாக வைத்தார் விஜயபாண்டி. கணக்கு பொருந்தியது. மறுவாரம் சென்னை அலுவலகத் தலைவி அருணா போனில் கூப்பிட்டார்.

"நல்லா வந்திருக்கு விஜயபாண்டி. ஆனா இனிமே வீட்டிலிருந்து வேலை கிடையாது. அடுத்த மாசம் சென்னைக்கு வந்துருங்க."

"என்னால வர முடியாது மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க எதுவும் இல்ல மேடம்."

வேலை போனது. அவ்வப்போது துண்டு வேலையாகக் கணக்குகள் மட்டும் அனுப்புகிறார்கள். இப்போது அவர் பார்க்காத ஏதோ ஓர் ஊரின் பஸ்களை, அப்பா தூங்கும் நேரத்தில், மடிக்கணினியில் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார்.