சாணார்பட்டியில் நான் பொறுக்கிய பாக்சைட்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசிக் கடைசியில் நான் சாணார்பட்டிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, கல் பார்க்க. சென்னையில் ஒரு கனிம ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கிணறு வெட்டும்போது புதுவிதமான கல் வருகிறது என்று செபஸ்தியான் என்ற விவசாயி எழுதிய கடிதத்தைக் கொடுத்து என்னை அனுப்பினார்கள்.

திண்டுக்கல்லில் காலை ஆறரைக்கு ரயிலிலிருந்து இறங்கினேன். நத்தம் சாலையில் எட்டு மைல், பஸ்ஸுக்கு முப்பது நயா பைசா. பிறகு வண்டிப்பாதையில் இரண்டு மைல் நடை. கிணறு மூன்றாள் ஆழம் போயிருந்தது. கரையில் செம்மண்ணும் கல்லுமாகக் குவியல். அதில் அங்கங்கே பட்டாணி அளவில் வெளிறிய உருண்டைகள். படித்த பாடம் கண் முன்னால் கிடந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாக்சைட் ஒரே கனிமம் அல்ல. அலுமினியம் தரும் கிப்சைட்டோடு இரும்புத் துருவும் களிமண்ணும் கலந்திருக்கும். இவை இரண்டும் மிஞ்சினால் அது வெறும் செம்புறாங்கல். அதனால் குவியலை மொத்தமாகக் கலந்து, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகளை மட்டும் எடுத்து மறுபடி கூறிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். நானோ குத்தவைத்து உட்கார்ந்து, வெளிறிய உருண்டைகளாகப் பார்த்துப் பொறுக்கிப் பையை நிரப்பினேன்.

"இன்னும் ரெண்டு மொழம் போனா தண்ணி வந்துரும் சார். காட்டுல மொளகாச் செடி தண்ணியில்லாம வாடி நிக்கிது. மேக்கொண்டு கெணத்த வெட்டலாமா?" என்றார் செபஸ்தியான்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் தொடாதீங்க. இது பாக்சைட்டேதான்," என்றேன்.

சோதனையில் அலுமினா அமோகமாக வந்தது. மேலதிகாரி நம்பவில்லை. குவியலை எப்படிக் கூறிட வேண்டும் என்று செபஸ்தியானுக்கே எழுதி, ஒரு சாக்கு அனுப்பச் சொன்னார். செபஸ்தியானும் அப்படியே செய்து அனுப்பினார். அதில் இரும்பும் களிமண்ணும்தான் இருந்தன.

நேரில் சொல்ல நானே வைகாசியில் போனேன். செடியெல்லாம் காய்ந்து நின்றது. மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவன், முடிவை மட்டும் சொன்னேன்.

"நீங்க பொறுக்குனது நல்ல கல்லுதான் சார்," என்றார் அவர். "பொறுக்காம விட்டதுதான் எங்க காடு. செத்த நேரம் இருங்க, சாப்ட்டுப் போகலாம்."

இத்தனை வருஷமாகியும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்தப் பக்கம் கல் பார்க்கப் போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெயில் தாங்காது. கண்ணுக்குப் பிடித்த கல்லைப் பையில் போடாதீர்கள். கிணறு வெட்டுகிறவரை நிறுத்தச் சொல்லாதீர்கள். கஞ்சி கொடுத்தால் குடியுங்கள். எனக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக வறுத்த மிளகாய் இரண்டு வைத்தார் செபஸ்தியானின் மனைவி. அந்த வருஷம் அந்தக் காட்டில் பறித்தது மொத்தம் எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.