பஞ்சு வைத்த குல்லா

அவளை எல்லோரும் "அரை இஞ்சு" என்றுதான் கூப்பிடுவார்கள். துணி கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் தவறாமல் சொல்லும் வாக்கியம், "உள்ள அரை இஞ்சு விட்டிருக்கேன், வேணும்னா பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்" என்பது. உடம்பு பெருக்கும், இளைக்கும். தைக்கிறவள்தான் அதற்கு இடம் விட வேண்டும் என்பாள். எட்டு வருஷம் சட்டைக் கம்பெனியில் காலர் மட்டும் தைத்தவள். காலர் என்றால் காலர்தான், கையும் கிடையாது, பையும் கிடையாது. முழுச் சட்டை தைக்க வேண்டுமென்று வேலையை விட்டு வீட்டு முன்னறையில் மிஷின் போட்டாள். வந்து குவிந்ததோ பிரிக்கிற வேலை, சுருக்குகிற வேலை, ஜிப் மாற்றுகிற வேலை. முழுச் சட்டை வருஷத்துக்கு நாலு வந்தால் அதிகம்.

அவள் கண் பொல்லாத கண். ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிடும். பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். இறங்கிய தோளுக்குள் சின்னதாகப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள். வாங்கிப் போட்டுப் பார்த்தவர் தன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று நிமிர்ந்து நடந்து போவார். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிறகு எங்கள் எல்லோருடைய உயிரையும் வாங்கியது.

அவள் மகளுக்கு நாலு மாதம் முடிந்தபோது என்னை வேலைக்கு வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டில் இருபது வருஷம் உதவியாளாக இருந்தவள் நான். குழந்தை பராமரிப்புக்கு முறையாகப் பயிற்சி எடுத்தவள். காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை குழந்தையை நான் பார்த்துக்கொள்வேன், அவள் மிஷினில் உட்காருவாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள மாடிகளெல்லாம் அவனால் ஏறி இறங்கும். சொந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் அடுத்த வாரம் என்பான். அவனுடைய அக்காவும் கூடவே இருந்தாள். அவளை அரை இஞ்சு "அண்ணி" என்பாள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

குழந்தை வெகு சமத்து. போட்ட இடத்தில் கிடக்கும். மிஷின் சத்தம் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி, ஊசி ஏறி இறங்குவதை மணிக்கணக்காகப் பார்க்கும். அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்படுவாள். தலையில் எப்போதும் ஒரு குல்லா இருக்கும். பூப்போட்ட மெல்லிய துணி, உள்ளே நேர்த்தியான மடிப்பு. குளிப்பாட்டுவதை நான் வருமுன்னே அரை இஞ்சே முடித்துவிடுவாள். "அழகா இருக்கே, என் பேத்திக்கு ஒண்ணு தையேன்" என்று நானே கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. இருபது வருஷ அனுபவம், ஒன்பது நாள் ஒரு குல்லாவை ரசித்துக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் குழந்தை குல்லாவிலேயே பால் கக்கிவிட்டது. கழற்றினேன். தலையின் பின்புறம் வலது பக்கம் பலகையில் வைத்துத் தேய்த்த மாதிரி தட்டையாக இருந்தது. மேலிருந்து பார்த்தால் வலது காது இடது காதைவிட முன்னே தள்ளியிருந்தது. கையில் இருந்த குல்லாவைத் தடவினேன். வலது பின்பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தது. உள்ளே பஞ்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான்.

"இது என்னம்மா?" என்றேன்.

மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "குளிருக்கு, பெரியம்மா."

"குளிர் ஒரு பக்கத்துக்கு மட்டுமா வரும்?"

மிஷின் வேகம் கூடியது.

எனக்குப் புரிந்தவரை அவர்களிடம் சொன்னேன். பச்சைக் குழந்தையின் மண்டை மெழுகு மாதிரி. எப்போதும் ஒரே பக்கம் வைத்துப் படுத்தால் அந்தப் பக்கம் அமுங்கும். அமுங்கினால் தலை அந்தப் பக்கமே உருளும், இன்னும் அமுங்கும். மூளைக்கு இதனால் கெடுதல் வருவதில்லை என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். ஆனால் வேறு காரணம் இருக்கிறதா என்று அவர்கள்தான் கை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். தலை வேகமாக வளர்கிற மாதங்கள் இவை. இப்போது பார்த்தால் திருத்தலாம். ஒரு வயசு தாண்டினால் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

அண்ணி கேட்டுவிட்டு, "பொம்பளப் புள்ளதானே, முடி வளந்து பின்னல் போட்டா யாரு தடவிப் பாக்கப் போறா?" என்றாள். புருஷன், தன் தலையும் சின்ன வயசில் அப்படித்தான் இருந்ததாம், தானாகச் சரியாகிவிட்டதாம் என்றான். அவன் தலையைப் பார்த்தேன். சரியானதாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லவில்லை.

அரை இஞ்சு குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பாள்.

சரி, நம் கையில் இருப்பதைச் செய்வோம் என்று ஆரம்பித்தேன். கட்டிலில் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினேன். அப்படிப் படுத்தால் மிஷின் இடது பக்கம் வரும்; குழந்தை ஊசியைப் பார்க்க இடது பக்கம் திரும்பியாக வேண்டும். காசு செலவில்லாத வைத்தியம். மறுநாள் வந்து பார்த்தால் குழந்தை பழையபடியே கிடந்தது. புதுத் தலைமாட்டில் ஜன்னல் வெயில் கண்ணில் அடிக்கிறதென்று அண்ணி மாற்றிவிட்டாளாம். திரை போடுங்கள் என்றேன். ஊருக்கெல்லாம் தைக்கிறவள் வீட்டு ஜன்னலுக்குத் திரை இல்லை. அவள் தைத்துத் தர நாலு நாள்; கம்பி மாட்ட அவனுக்கு ஒன்பது நாள். அதுவரை தினமும் நான் மாற்றுவேன், அவர்கள் திருப்புவார்கள்.

விழித்திருக்கும் நேரத்தில் என் கண்ணெதிரே குப்புறப் போட்டுப் பழக்கினேன். இரண்டு நிமிஷத்தில் குழந்தை கத்தும், அண்ணி ஓடி வந்து தூக்கிவிடுவாள். "நல்லா கெடந்த புள்ளைய எதுக்கும்மா அழ வைக்கிற?" என்பாள். நல்லா கிடந்ததுதானே பிரச்சினை என்று எத்தனை தரம் சொல்வது. இதற்கு நடுவே அரை இஞ்சு நடுவில் குழி வைத்த வளையத் தலையணை ஒன்றைத் தைத்துக் கட்டிலில் வைத்திருந்தாள். அழகான வேலை. எடுத்து அலமாரி மேல் போட்டேன். தூங்கும் குழந்தைக்குத் தலையணையே கூடாது, முகம் புதைந்தால் மூச்சு நின்றுவிடும்; மல்லாக்கப் படுப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. தலை உருண்டையாக இருப்பதைவிட மூச்சு முக்கியம் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும் என்று விட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். நான் இடது பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினால் குழந்தை கண்ணை மட்டும் திருப்பியது. கழுத்து பாதி வழியில் நின்றுவிட்டது. கழுத்துத் தசை இறுகியிருக்கிறது என்று சந்தேகம் வந்தது. அதை நானாக இழுத்துப் பார்க்க முடியாது. இப்படியே குழந்தைக்கு ஐந்தரை மாதமாகிவிட்டது.

ஒரு நாள் குழந்தை தூங்கும்போது மிஷின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னைக்குச் சொல்லிடு. ஏன் டாக்டர்கிட்ட வர மாட்டேங்குற? இல்லேன்னா நாளையிலேருந்து நான் வரலை."

கைச் சக்கரத்தைப் பிடித்து மிஷினை நிறுத்தினாள்.

"போனேன் பெரியம்மா. மூணாம் மாசம் ஊசி போடப் போனப்பவே பாத்துட்டாங்க. 'தலை ஒரு பக்கம் தட்டையா இருக்கு, தையல் எப்படி இருக்குன்னு பாக்கணும், பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னாங்க. தையல் மூடியிருந்தா ஆபரேஷனாம்."

"அதுக்கு?"

"தையல் பிரிச்சாத் தழும்பு நிக்கும் பெரியம்மா. துணியிலயே நிக்கும். புள்ள தலையில பிரிச்சுத் தைக்க நான் விட மாட்டேன்."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மண்டையோட்டு எலும்புகள் சேர்கிற இடைவெளிக் கோட்டைத்தான் அவர்கள் தையல் என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைத் தன் தொழிலிலேயே கேட்டுப் பழகியவள், குழந்தையின் தலையில் யாரோ கத்தரியும் ஊசியும் எடுக்கப்போவதாக முடிவு கட்டிவிட்டாள். புருஷனிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். அவன் கூட்டிக்கொண்டு போகிறவன் என்று நம்பியவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

"அது பொறக்கும்போதே இருக்கிற தையல். தலை வளர்றதுக்காகத் தளர்த்தி விட்டிருக்கிற தையல். நீ உள்ள அரை இஞ்சு விடுற மாதிரி," என்றேன்.

கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்தாள். "அப்ப யாரும் தைக்க மாட்டாங்களா?"

"மூடியிருந்தா ஆபரேஷன்தான். அதுவும் சீக்கிரம் தெரிஞ்சாத்தான் நல்லது. திறந்திருந்தா யாரும் தொட மாட்டாங்க. எது உண்மைன்னு தெரியாமலே ரெண்டரை மாசம் பஞ்சு வச்சுத் தைச்சிருக்கே."

அழுதாள். அழுகைக்கு ஐந்து நிமிஷம் விட்டேன். பிறகு செருப்பை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

பெரிய டாக்டர் விரலால் தலையை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது, படுத்ததால் வந்த தட்டைதான், இடது கழுத்துத் தசையும் இறுகியிருக்கிறது என்றார். குறுக்காக இரண்டு பக்கமும் அளந்ததில் பதினாலு மில்லிமீட்டர் வித்தியாசம். "அரை இஞ்சுக்கு மேல" என்று அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். மூன்று மாதத்தில் வந்திருந்தால் படுக்கையை மாற்றுவதிலும் கழுத்துப் பயிற்சியிலுமே பெரும்பாலும் சரியாகியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் காட்டிக் கொடுத்தார். டயபர் மாற்றும்போதெல்லாம் தோளை அழுத்திப் பிடித்து முகத்தை மெல்ல இடது பக்கம் திருப்பி, முப்பது எண்ண வேண்டும். குழந்தை அழும். அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அரை இஞ்சு பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவாள். ஒரு நாளும் இருபத்தொன்பதில் நிறுத்தியதில்லை. ஏழாம் மாதம் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. வித்தியாசம் பதினொன்றுக்கு வந்தது. அதற்குமேல் அசையவில்லை. தலை உருண்டையாக வளர அளவெடுத்துச் செய்கிற ஹெல்மெட் ஒன்று இருக்கிறது, போட்டுப் பார்க்கலாம், கட்டாயமில்லை, ஆனால் யோசிக்க நாள் அதிகம் இல்லை என்றார் டாக்டர். வீட்டில் பத்து நாள் யோசித்தார்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்கே அண்ணிக்கு ஏழு நாள் போனது.

ஹெல்மெட் வாங்கப் போன அன்று அரை இஞ்சு அதைக் கையில் எடுத்து முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். எந்தத் துணியையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். விரலை விட்டுத் தடவினாள். எல்லா இடத்திலும் தலையை ஒட்டுகிற மெத்தை. வலது பின்பக்கம் மட்டும் ஒட்டாமல் குழிந்து காலியாக இருந்தது.

"இங்க இடம் விட்டிருக்கீங்களே?" என்றாள்.

"தலை அங்கதானே வளரணும்" என்றார் ஹெல்மெட் செய்தவர்.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள், "நான் அந்த எடத்தைத்தான் பெரியம்மா அடைச்சு வச்சிருந்தேன்" என்றாள். குல்லாவில் இருந்த பஞ்சு தலையை அமுக்கவில்லை, நம் கண்ணைத்தான் மறைத்தது என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஆறுதலுக்காக நான் சொல்லவும் இல்லை.

நாலு மாதம் நாளுக்கு இருபத்துமூன்று மணி நேரம் ஹெல்மெட். குளிக்கிற நேரம் மட்டும் விடுதலை. வியர்வை நாற்றம், சிவந்த தழும்பு. தழும்பு ஒரு மணி நேரத்தில் மறையாவிட்டால் திரும்பவும் பஸ் ஏறிப் போய் உள் மெத்தையைச் சுரண்டிக்கொண்டு வர வேண்டும். தெருவில் ஒருத்தன் "என்ன, பாப்பா பைக் ஓட்டப் போகுதா?" என்று கேட்டான். அவளுடைய புருஷன் சிரித்தான். அவள் இருவரையும் பார்த்த பார்வையில் இரண்டு பேர் தோளும் இறங்கியது.

முதல் பிறந்த நாளுக்குக் கொஞ்சம் முன்னால் கழற்றினார்கள். ஐந்து மில்லிமீட்டர் மிச்சம். யாருக்கும் தெரியாது, இனி போதும் என்றார் டாக்டர். உண்மைதான். எனக்கே தேடினால்தான் தெரிகிறது. அவளுக்குத் தேடாமலே தெரிகிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும்.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது ஒரு பெண் ஜாக்கெட் பிரிக்கக் கொடுக்க வந்தாள். தோளில் மூன்று மாதக் குழந்தை, தலையில் கடையில் வாங்கிய குல்லா. அரை இஞ்சு அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே, "குல்லாவைக் கொஞ்சம் கழட்டுங்க, தலையைப் பாக்கணும்" என்றாள். இறங்கிய தோளைக்கூட வாய்விட்டுச் சொல்லாதவள்.

"என் புள்ள தலையை நீ எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் ஜாக்கெட்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அரை இஞ்சு படி இறங்கித் தெருமுனைவரை பின்னால் போய் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவள் மிஷினில் உட்கார்ந்து நூல் கோத்தாள். மூன்று தரம் தவறியது.

"அந்தப் புள்ளைக்குத் தட்டை வலது பக்கமா இடது பக்கமான்னுகூடத் தெரியல, பெரியம்மா" என்றாள்.