செவலையின் சத்தம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊர் ஊராகப் போய்ப் பல வேலை செய்தவன் நான். இலங்கை மலையகத்தில், டிக்கோயா பக்கம் பால் லொறி ஓட்டிய ஆறு மாதம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மாடு வளர்ப்பவர்கள் காலையில் ரோட்டோரம் பால் கொண்டுவருவார்கள். அவர்களில் ஒருத்தி செல்வி. புருஷன் அடித்த காயம் முகத்தில் இல்லாத நாள் குறைவு. ஒருநாள் அவன் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன நேரம் பார்த்து, வலப்பனையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். செவலைப் பசுவைக் கொண்டுபோக முடியவில்லை.

மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, செவல எப்படி இருக்கு?"

"ரோடு வரைக்கும் கத்துற சத்தம் கேக்குது. ஒங்கையத் தவிர வேற கைக்குப் பால் எறக்க மாட்டேங்குதாம். மம்பட்டிப் புடியால அடிக்கிறானாம்."

"அது எங்கம்மா எனக்குக் குடுத்த மாடுண்ணே. ஒங்க லொறியில ஏத்திக்கிட்டு வந்துர்றீங்களா?" என்றாள்.

"அவன் என்னய மாட்டுக் கள்ளன்னு சொல்லுவான் புள்ள. எனக்கெதுக்கு வம்பு?"

இரண்டு நாள் கழித்து அவள் மறுபடியும் ரோட்டோரம் பால் கேனோடு நின்றாள். இடது கை துணியில் கட்டித் தொங்கியது.

"ஒத்தக் கையாலதான் கறந்தேண்ணே. ஒதைக்காம நின்னுச்சு," என்றாள்.

நான் பாலை அளந்து வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமே வேலையை விட்டேன். இப்போது எந்த ஊரில் மாடு கத்தினாலும், அவள் கேட்ட அன்று பாலை இறக்கிவிட்டு, வெறும் லொறியோடு அந்த லயத்தைக் கடந்து போனதுதான் நினைவுக்கு வருகிறது.